பாலுஸ்வாமி தீக்ஷிதரும் பரதேசத்துப் பிடிலும்

வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் தேருக்கு வடம் பிடிக்க ஒரு காலத்தில் பிரெஞ்சுக் கவர்னரே வருவது வழக்கம் என்பதைப் புதுவை வட்டாரத்தில் அறியாதார் இலர். பரதேசத்து அதிகாரி நமது தேரை இழுத்தான் என்று பெருமை பேசியோரும் அக்காலத்தில் உண்டு. அவன் இழுத்தது தேரையா, ஊராரின் மனத்தையா என்று ஐயுற்றோரும் உண்டு. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி, அதே வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டுமென்று வாக்களித்தனர். அத்துடன் அந்த ஐயத்திற்கு வேலையில்லாமற் போயிற்று. கவர்னர் கப்பலேறினார். தேர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்நியன் போகும்போது தான் கொண்டுவந்த சாமான்கள் அனைத்தையும் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி இருக்கிறது. கொம்யூன் என்ற பெயரே இருக்கிறது. இவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பது வில்லியனூரிலும் பாகூரிலும் திண்ணைதோறும் பேசப்பட்ட விஷயம். இன்னும் பேசி முடிந்தபாடில்லை. இந்த விவாதத்தில் ஒருவராவது பெயர் சொல்லாத பரதேசத்துப் பொருள் ஒன்று உண்டு. கோயில் மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி நடக்கிறது. பாடகருக்கு இடப்புறத்தில் ஒருவர் சம்மணமிட்டு அமர்ந்து, மரக்கருவியொன்றின் தலையைத் தம் வலது பாதத்தின்மீது சாய்த்து, வில்லை இழுக்கிறார். அவர் கையிலிருப்பது இத்தாலியில் உருப்பெற்று, வெள்ளைக்காரர் கப்பலில் இங்கே வந்து இறங்கிய பிடில் என்பது கேட்போர் எவருடைய நினைவிலும் இல்லை. நினைவில்லாமற் போகும்படி அதனை நம்முடையதாக்கிய பெரியார்களுள் முதன்மையானவர் பாலுஸ்வாமி தீக்ஷிதர். அவருடைய வரலாற்றைச் சிறிது சொல்லப் புகுகின்றோம்.

தீக்ஷிதர் என்ற மாத்திரத்தில் நேயர்களுக்கு நினைவு வருபவர் முத்துஸ்வாமி தீக்ஷிதர். அது இயற்கையே. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரைத் தமையனாகப் பெற்றவருக்கு உலகத்தில் எவ்வளவு புகழ் மிஞ்சும்? தம்பி கீர்த்தனைகளைக் குவித்து வைக்கவில்லை. அவர் விட்டுப்போனது கையின் பழக்கம். அது காகிதத்தில் தங்குவதன்று. எனினும் இன்று தென்னாட்டில் பிடில் இல்லாமல் பாட்டுக் கச்சேரி நடப்பது அரிதாயிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், தம்பியின் காரியம் தமையனாரின் காரியத்திற்குப் பெரிதும் இளைத்ததென்று நமக்குத் தோன்றவில்லை.

பாலுஸ்வாமி 1786ஆம் ஆண்டில் திருவாரூரிற் பிறந்தார். தந்தையார் ராமஸ்வாமி தீக்ஷிதர், ஹம்ஸத்வனி ராகத்தை உலகிற்களித்தவர். முத்துஸ்வாமி, சின்னஸ்வாமி, பாலாம்பாள், பாலுஸ்வாமி என்ற நான்கு குழந்தைகளும் வீணையோடும் வேங்கடமகியின் மேளமுறையோடும் வளர்ந்தார்கள். அந்தக் காலத்து நாட்டு நிலைமையை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். வில்லியனூர்க் கோட்டையைக் கூட் என்னும் ஆங்கிலத் தளபதி 1760இற் பிடித்து, மறு வருஷம் புதுவை நகரத்தையே இடித்துத் தள்ளியிருந்தான். பாலுஸ்வாமி பிறந்த சமயத்தில் புதுவை மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது. அவருக்கு ஏழு வயதாகும்போது, 1793இல், மறுபடியும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. நமது கிராமங்கள் சூதாட்டக் காய்களைப்போல் இரண்டு கும்பினிகளுக்கிடையே கைமாறிக்கொண்டிருந்தன. பீரங்கியை ஏற்றி வந்த அதே கப்பல்களில்தான் பிடிலும் வந்தது.

ராமஸ்வாமி தீக்ஷிதரின் குடும்பத்தைச் சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்கு அழைத்து ஆதரித்தவர் முத்துக்கிருஷ்ண முதலியார். இவர் கும்பினியாருக்குத் துபாஷியாயிருந்து பொருளீட்டியவர். இதனை மறைத்துப் பேச வேண்டியதில்லை. கும்பினிப் பணத்தில் ஒரு பங்கு நமது சங்கீதத்திற்கு வந்து சேர்ந்தது என்பது உண்மை. முதலியாரோடும் அவர் குமாரர் சின்னையா முதலியாரோடும் தீக்ஷித சகோதரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய்வருவதுண்டு. அங்கே சிப்பாய்களின் வாத்திய கோஷ்டி வாசித்த மேனாட்டு மெட்டுகளைக் கேட்டார்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதர் அம்மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் செய்து நோட்டுஸ்வரங்கள் என்று வழங்கும் ஏறக்குறைய நாற்பது உருப்படிகளை ஆக்கினார். அவற்றுள் ஒன்று இங்கிலாந்து மன்னனை வாழ்த்தும் ராஜ கீதத்தின் மெட்டு. அந்த மெட்டில் தீக்ஷிதர் ராஜாவைப் பாடவில்லை; பராசக்தியைப் பாடினார். அரசாங்க மெட்டை அம்பாளுக்குத் திருப்பிவிட்ட இந்தச் செய்கையில் கேலி இருந்ததா, பக்திதான் இருந்ததா என்பதை நேயர்களின் ரஸனைக்கே விட்டுவிடுகின்றோம்.

கோட்டை வாத்தியங்களுள் பாலுஸ்வாமியின் மனத்தைக் கவர்ந்தது பிடில். முதலியாரின் ஆதரவில் ஓர் ஐரோப்பிய வித்வானை அமர்த்தி மூன்று வருஷ காலம் அவர் அதனைக் கற்றார். மூன்று வருஷம் என்பது வேடிக்கைக்காகக் கற்பதன்று. வெள்ளைக்காரன் எவ்வாறு வாசிக்கிறானோ அவ்வாறே முதலில் வாசிக்கக் கற்று, பிறகே அதனைக் கர்நாடக சங்கீதத்துக்குத் திருப்பினார். இந்த வரிசையை நாம் பெரிதும் மதிக்கின்றோம். அந்நியப் பொருளை முழுதும் அறியாமலே வெறுப்பவரும், முழுதும் அறியாமலே வணங்குபவரும் மலிந்திருந்த நாட்டில், அவர் அதன் நுணுக்கத்தை ஒன்றுவிடாமல் தெரிந்துகொண்ட பின்னரே தீர்ப்புச் சொன்னார்.

இனி விஷயத்தின் உள்ளே சற்று நுழைய வேண்டும். சங்கீத ஞானமில்லாத தேசபக்தர்களும் இதனைப் பொறுமையோடு படிக்க வேண்டுகின்றோம்.

நமது சங்கீதத்தில் ஸ்வரம் என்பது ஆணி அடித்த இடமன்று. அது நடமாடும் வஸ்து. தோடியின் காந்தாரத்தை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்திப் பாருங்கள், அது தோடியன்று. மேலும் கீழும் அடுத்த ஸ்வரங்களைத் தொட்டுத் தொட்டு அசையும்போதுதான் தோடி பிறக்கிறது. சங்கராபரணத்தின் காந்தாரமோ அசைவில்லாமல் நிற்கக் கூடியது. ஆகவே அசைவு அழகுக்குச் சேர்க்கும் அணியன்று, ராகத்தின் உயிரே அதுதான். ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடையிலுள்ள சுருதிகளையெல்லாம் தடவிக்கொண்டு வழுக்கிச் செல்வது ஜாரு. ஒரு ஸ்வரத்தை அலைபோல் அசைப்பது கம்பிதம். இவைபோன்ற பல கமகங்களால் ஆயது நமது கானம்.

மேனாட்டுப் பிடிலிலும் வழுக்குதலும் அசைத்தலும் உண்டு. ஆனால் அவற்றின் பதவி வேறு. அங்கே விரல் ஓரிடத்திலிருந்து மேலிடத்திற்குப் போகும்போது இடைவழியில் கேட்கும் இழைவே வழுக்கு. அது பிரயாணத்தின் சுவடு. அசைவோ, நின்ற ஸ்வரத்தைச் சுற்றி மயிரிழை அளவு நடுங்குவது. அந்த நடுக்கத்தால் ஸ்வரம் இன்னதென்பது மாறுவதில்லை. அவர்களுக்குள்ளேயே இவற்றைப்பற்றி ஓயாத சண்டை. மொஸார்ட்டின் தந்தை லியோபோல்ட் 1756இல் வெளியிட்ட பிடில் நூலில், ஒவ்வொரு ஸ்வரத்திலும் நடுங்குவோரைக் குளிர்ஜுரக்காரர்களுக்கு ஒப்பிட்டுக் கேலி செய்தார். அவருக்கு ஐந்து வருஷம் முன்னரே ஜெமினியானி என்னும் இத்தாலியர், நடுக்கத்தை இயன்றவரை அடிக்கடி உபயோகிக்கும்படி எழுதியிருந்தார். ஸ்போர் என்னும் ஜெர்மானியர், எந்த ஸ்வரத்தில் விரைவாக, எதில் மெதுவாக அசைக்க வேண்டுமென்று நெளிகோடுகளால் குறித்துக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் கிரைஸ்லர் முதலியோரால் இடைவிடாத அசைவு நாகரிகமாயிற்று. அந்நூற்றாண்டின் தொடக்கத்து இசைத்தட்டுகளில் தாராளமாகக் கேட்கும் வழுக்குகள், நூற்றாண்டு நடுவதற்குள் பழம்பாணியென்று ஒதுக்கப்பட்டன. ஆக அங்கே வழுக்கும் அசைவும் உடைபோல் காலத்துக்குக் காலம் மாறுவன. இங்கே அவை தோலும் சதையும் ஆவன.

பாலுஸ்வாமி கண்டது இதுவே. பிடிலின் கழுத்தில் வீணையைப்போல் மெட்டுகள் இல்லை. விரல் எங்கு வேண்டுமானாலும் போகலாம், எவ்வளவு வேண்டுமானாலும் அசையலாம். வில் இழுக்குமளவும் நாதம் மனிதன் மூச்சைப்போல் நீளும். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பெறும் கமகத்தை இதில் விரலை நழுவவிட்டே பெறலாம். வெள்ளைக்காரன் செய்த கருவி, அவனுடைய சங்கீதத்தைக் காட்டிலும் நமது சங்கீதத்திற்கே அதிகம் இணங்குவதாயிருந்தது! இதனை அவனே அறியான்.

ஆயினும் கருவி இணங்கினாற் போதாது. கை இணங்க வேண்டும். ஐரோப்பியன் நின்றுகொண்டு கருவியைத் தோளில் ஏற்றி வாசிக்கிறான். மோவாயைத் தாங்கும் கட்டையை ஸ்போர் கண்டுபிடித்தது 1820ஆம் வருஷ வாக்கில். பாலுஸ்வாமி கற்ற காலத்தில் அது கிடையாது. எனவே இடக்கையே கருவியின் பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்க வேண்டியிருந்தது. சுமை தாங்கும் கை எப்படித் தாராளமாய் வழுக்கும்? நம்மவர் தரையில் அமர்ந்து, கருவியின் ஒரு நுனியை மார்பிலும் மற்றொரு நுனியைப் பாதத்திலும் நிறுத்தினார்கள். பாரம் நீங்கிற்று. கை மேலிருந்து கீழ்வரை ஓடும் சுதந்திரம் பெற்றது. தந்திகளை அவர்கள் முறைப்படி நான்கு தனி ஸ்வரங்களாக வையாமல், பாடுவோன் சுருதிக்கேற்ப ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், மேல் பஞ்சமம் என்று கூட்டினார்கள். மரத்தில் ஓர் ஆணியையும் மாற்றவில்லை. மாறியது உட்காரும் முறையும் சுருதியும் விரலுமே. இம்மாற்றங்கள் அனைத்தையும் ஒருவரே ஒரே நாளிற் செய்தாரென்று நாம் சொல்ல மாட்டோம். வழி திறந்தவர் அவர். அதில் நடந்து அகலப்படுத்தியவர் பலர்.

இந்தப் பெருமைக்கு வேறு உரிமையாளரும் உண்டென்பதை மறைப்பது நேர்மையன்று. தஞ்சைச் சமஸ்தானத்து வராஹப்பையரைச் சிலர் சொல்லுவர். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலுவைச் சொல்லுவோர் மிகப் பலர். அவர் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சீடர். திருவனந்தபுரத்து ஸ்வாதித் திருநாள் மகாராஜா 1834இல் அவருக்குத் தந்தப் பிடிலொன்றைப் பரிசளித்தார். அவரது மேதையில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் வடிவேலுவுக்குப் பிடில் சொல்லிக் கொடுத்தவர் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் என்று சிலர் எழுதுவதை மட்டும் ஒப்ப இயலாது. பாதிரியார் 1798இற் காலமானார். வடிவேலு 1810இற் பிறந்தார். வெள்ளைக்கார குருவொருவரைத் தேடிப் பிடித்துவிட வேண்டுமென்ற ஆசை, நம்மவர் சிலருக்குக் கணக்கையும் மறக்கச் செய்துவிடுகிறது.

மணலி ஆதரவு முடிந்த பின்னர்க் குடும்பம் சிதறிற்று. தந்தையார் 1817இற் காலமானார். சின்னஸ்வாமியும் பாலுஸ்வாமியும் ஊர் ஊராகச் சென்றனர். 1823இல் மதுரையில் சின்னஸ்வாமி இறந்தார். உற்ற துணையை இழந்து தனித்து நின்ற தம்பியை எட்டயபுரம் அழைத்துக்கொண்டது. அங்கே சமஸ்தான வித்வானாய் அமர்ந்தார். தம்பியைப்பற்றி யாதொரு தகவலும் அறியாத முத்துஸ்வாமி தீக்ஷிதர் தேடிப் புறப்பட்டு, அவர் எட்டயபுரத்தில் இருக்கிறார், அவருக்கு அங்கே விவாகம் நடக்கப் போகிறது என்று கேள்வியுற்று விரைந்தார். வழியில் வறண்ட பூமியைக் கண்டு அமிர்தவர்ஷிணியிற் பாட மழை பொழிந்ததென்பது பரம்பரைச் செய்தி. மழையை நம்பாதவரும், தம்பியைத் தேடி அந்தக் கரிசல் வழியில் நடந்த தமையனை நம்பலாம். அவர் கடைசியில் அங்கேயே, 1835இல், நரக சதுர்த்தசியன்று தேகத்தை விட்டார். அவருடைய சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது.

எட்டயபுரம் என்ற பெயரைக் கேட்டதும் நமது அரசியல் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1799இல் கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பினியின் பக்கம் நின்ற பாளையம் அது. அந்தப் பழியை நாம் துடைக்கப் போவதில்லை, துடைக்கவும் முடியாது. ஆனால் அதே பாளையத்தில் தீக்ஷித வித்தை அழியாமல் காப்பாற்றப்பட்டது என்பதும் நடந்த செய்தி. வித்தைக்குச் சோறு வேண்டும். பாகூரிலே 1879இல் கிடைத்த செப்பேடுகள், ஒன்பதாம் நூற்றாண்டிலே நிருபதுங்கவர்மன் காலத்தில் அவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாய் விடப்பட்டதைச் சொல்கின்றன. அந்தச் செப்பேடு படித்து மகிழ்வோரில் எவரும், பல்லவனின் அரசியல் நடத்தை யாது என்று முதலில் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. எட்டயபுரத்தார் விஷயத்தில் விசாரிக்கிறோம். காலம் கிட்டினதாயிருப்பதே காரணம்.

பாலுஸ்வாமி வீணையிலும் வல்லவர். அவருக்குப் பிள்ளையில்லை, ஆகவே மகளின் வயிற்றுப் பிள்ளையை ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டார். 1839இற் பிறந்த அந்தப் பேரரே சுப்பராம தீக்ஷிதர். பாட்டனார் பேரனுக்கு ஊட்டிய வித்தை என்னவென்பது அவர் இறந்து 45 வருஷங்கள் கழித்துத் தெரியவந்தது. பாலுஸ்வாமி தீக்ஷிதர் 1859இற் காலமானார். பேரனுக்கு அப்போது வயது இருபது.

இந்த இடத்தில் சென்னைச் சின்னஸ்வாமி முதலியார் என்னும் கிறிஸ்தவப் பெரியாரை நன்றியோடு நினைக்க வேண்டும். நமது கிருதிகளை மேனாட்டு ஸ்வரக் குறியீட்டில் எழுதி 1890களில் வெளியிட முற்பட்டவர் அவர். அந்த ஐந்து கோடுகளுக்குள் கமகம் எளிதில் அடங்குமா? ஸ்வரத்தின் இடத்தைக் காட்டும் குறியீடு, இடங்களுக்கு நடுவே நடப்பதை எப்படிக் காட்டும்? முதலியாரின் தூண்டுதலும் எட்டயபுரத்தாரின் பொருளுதவியும் சேர்ந்து, 1904ஆம் ஆண்டில் சுப்பராம தீக்ஷிதரின் ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி எட்டயபுரத்திலே அச்சாகி வெளிவந்தது. தெலுங்கு லிபியில், ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். பின்னாளில் சென்னை மியூஸிக் அகாடமியார் தமிழிலும் வெளியிட்டனர்.

அந்நூலின் பெரும் அதிசயம் கமகக் குறிகளே. கம்பிதத்துக்கு நெளிகோடு. ஏற்ற ஜாருவுக்கு மேல் நோக்கிச் சாய்ந்த கோடு; இறக்க ஜாருவுக்குக் கீழ் நோக்கிச் சாய்ந்த கோடு. ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒதுக்கல், ஓரிகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளம். அவற்றை வீணையில் எவ்வாறு எழுப்புவது என்ற விளக்கம். ஸ்போரும் நெளிகோடு போட்டார், தீக்ஷிதரும் நெளிகோடு போட்டார். அவர் போட்டது அலங்காரம் எங்கே வரலாமென்று காட்ட. இவர் போட்டது ஸ்வரம் எதுவென்று காட்ட. ஏற்றம், இறக்கம், ஒதுக்கல் என்ற சொற்களின் தமிழ் வாசனையையும் நேயர்கள் கவனிக்கக் கோருகின்றோம். விரல் பழகிய வித்தைக்கு அச்செழுத்தே புதிதாக வார்க்க வேண்டியிருந்தது. காகிதத்தில் தங்காதென்று நாம் முன்னர்ச் சொன்ன பாட்டனாரின் வித்தையைப் பேரர் தம்மாலியன்றமட்டும் காகிதத்தில் இறக்கிவிட்டு, இரண்டு வருஷத்தில், 1906இல், மறைந்தார். அந்த மறைவுக்கு இரங்கிப் பாட்டெழுதியவர், எட்டயபுரத்திலே பிறந்த சுப்பிரமணிய பாரதியார்.

பாரதியார் 1908இற் புதுவை வந்து பத்து வருஷம் வாழ்ந்தார். சங்கீதத்தைப்பற்றி அவர் எழுதியவற்றைப் படித்தவர்கள், ஹார்மோனியத்தின்மீது அவருக்கிருந்த கோபத்தை மறந்திருக்க மாட்டார்கள். பிடிலும் பரதேசத்தது, ஹார்மோனியமும் பரதேசத்தது. ஒன்றை அணைத்து மற்றொன்றை ஏன் உதற வேண்டுமென்று கேட்கும் அன்பர்களுக்கு விடை கமகத்தில் இருக்கிறது. ஹார்மோனியத்தின் கட்டைகளுக்கு நடுவே ஒன்றுமில்லை. அங்கே ஜாரு இல்லை, கம்பிதம் இல்லை. 1940இல் அகில இந்திய ரேடியோ அதனை விலக்கிற்று. அத்தடை முப்பது வருஷங்களுக்கு மேலாக இருந்து 1971இற் தளர்ந்தது. ஒரு கருவி எந்த நாட்டிற் பிறந்ததென்ற கேள்விக்கு அங்கே இடமேயில்லை. நமது ஸ்வரம் அதில் நடக்குமா, நடக்காதா என்பதொன்றே கேள்வி. சுதேசியத்திற்கு இதைவிடத் தெளிவான உரைகல் நமக்குத் தெரியாது.

இப்பொழுது ஹார்மோனியத்தின் பேரப்பிள்ளையாகிய மின்சாரக் கீபோர்டு, பஜனை மடத்திலும் கலியாணப் பந்தலிலும் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. விலை மலிவு; பழக எளிது; ஒருவரே பத்து வாத்தியம் வாசித்துவிடலாம். சுருதியை வளைக்க அதில் ஒரு சிறு சக்கரம் வைத்திருக்கிறார்கள் என்பதையும் அறிவோம். வலக்கையால் கட்டையை அழுத்தி இடக்கையால் சக்கரத்தை உருட்டித் தோடி வாசிப்பவர் யாரேனும் இருந்தால் அவரை வணங்குவோம். பந்தலில் நாம் கேட்பது அந்தத் தோடியன்று. அதைக் கேட்டே வளரும் குழந்தைக்குக் காந்தாரம் அசையக்கூடியதென்பதே தெரியாமற் போகும்.

பாகூர் மூலநாதர் கோயிலின் அடித்தளத்தில் சோழர் காலத்துச் சிற்பிகள் நடனமாதர்களைக் கல்லிலே ஆட வைத்திருக்கிறார்கள். வில்லியனூரில் அம்பாளின் திருநாமமே கோகிலாம்பாள்; குயிலின் பெயர். இவ்விரண்டு கோயில்களின் மண்டபங்களும் மாலை வேளையில் பெரும்பாலும் காலியாயிருக்கின்றன. அறநிலையத்தாரும் கொம்யூன் பஞ்சாயத்தாரும் மனம் வைத்தால், வாரம் இரண்டு மாலை, பிடில் வாத்தியாரொருவரை அங்கே உட்கார வைக்கலாம். வேண்டுவன இரண்டு பாய், நான்கு சிறு பிடில், ஒரு தம்புரா. நகரத்துக்குப் பஸ் ஏறிப் போக இயலாத உழவர் குழந்தைகள் நூறு பேரில் பத்துப் பேராவது வருவார்கள். வாத்தியார் முதலில் சரளி வரிசையைச் சொல்லித் தரட்டும். மாயாமாளவகௌளையின் ரிஷபத்தில் விரல் அசைய ஆரம்பிக்கும் நாளன்று, பாலுஸ்வாமி தீக்ஷிதர் என்றொருவர் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.